இருபத்தேழாவது கிலோமீட்டரில் ஒரு பாட்டில்

1

இந்தக் கதை, ஒரு பாட்டில் தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் போனதால் பிறந்தது. கதை எங்கிருந்து பிறக்கிறது என்று கேட்டால் எழுத்தாளர்கள் வானத்தைப் பார்ப்பார்கள். நான் பார்க்க வேண்டியதில்லை. இடமும் நேரமும் என்னிடம் இருக்கின்றன: மூன்று வாரங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு ஐம்பது, மூடிக்கிடக்கும் ஒரு பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும் மெஷினுக்குப் பின்னால்.

அங்கே தண்ணீர் வைக்க வேண்டியவன் நான். குடிக்க வேண்டியவள் என் அக்கா. வயது நாற்பத்தெட்டு. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறாள். நாள் முழுக்க அடுத்தவர்களிடம் ‘மூச்சை இழுங்க, அப்படியே பிடிங்க, விடுங்க’ என்று சொல்லிச் சொல்லி, தன் மூச்சை என்ன செய்வது என்று ஒருநாள் யோசித்து ஓடத் தொடங்கியவள். (இந்தக் காரணம் நான் கற்பித்தது. அவளைக் கேட்டால், “நின்னுட்டே இருந்து கால் வீங்குச்சு, அதான்” என்பாள். இரண்டில் எது நன்றாக இருக்கிறது என்பதை நீங்களே சொல்லுங்கள்.)

இப்போது ஐம்பது கிலோமீட்டர் ஓட்டப் போட்டி ஒன்றுக்காகப் பயிற்சி செய்கிறாள். ஒவ்வொரு ஞாயிறும் நீண்ட ஓட்டம். வழியில் ஒன்பது கிலோமீட்டருக்கு ஒரு பாட்டிலும் ஒரு பொட்டலமும் வைப்பது என் வேலையாக இருந்தது. மூன்று வாரங்களாக இல்லை. எல்லாவற்றையும் அவளே முதுகில் சுமந்துகொண்டு ஓடுகிறாள்.

நான் இதை எழுதுவது அந்த வேலையைத் திரும்ப வாங்குவதற்காக. இலக்கிய நோக்கம் வேறு எதுவும் இல்லை. இருந்தால் நடுவில் சொல்கிறேன்.

2

தொடக்கங்கள்.

விடியலின் பொன்னிறக் கதிர்கள் நெடுஞ்சாலையைத் தழுவியபோது, அவள் —

[நிறுத்திவிட்டேன். அந்த நேரத்தில் அவள் சேஃப்டி பின் தேடிக்கொண்டிருப்பாள்.]

மனிதன் ஏன் ஓடுகிறான்? ஆதியில் வேட்டைக்காக ஓடினான், பிறகு —

[நான் எழுதுவதை முதலில் படிப்பவள் அக்காதான், கையில் பென்சிலோடு. இந்த வரிக்குப் பக்கத்தில் ‘பஸ்ஸைப் பிடிக்க’ என்று எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு கட்டுரை நகரவில்லை.]

இருபத்து நான்கு வயதான அவள், மான் போன்ற கால்களுடன் —

[“யாருடா இது?” என்று கேட்டாள். நீதான் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, இன்னொரு முறை படித்தாள். “நல்லாத்தான் இருக்கா. ஆனா இவளுக்கு யாரும் தண்ணி வைக்க வேணாமே” என்றாள்.]

அவள் சொன்னது சரி. இது கால்களைப் பற்றிய கதை அல்ல, சுமையைப் பற்றியது. தண்ணீர் விஷயத்தில் கொடுமை என்னவென்றால், அது இல்லாமல் நெடுந்தூரம் ஓட முடியாது. அதைத் தூக்கிக்கொண்டும் ஓட முடியாது. வெயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டருக்கு மேல் வேண்டும். நான்கு மணி நேர ஓட்டமென்றால் இரண்டு கிலோவுக்கு மேல் முதுகில். தோள் உரியும். பாதி குடித்த பாட்டில் ஒவ்வொரு அடிக்கும் களக், களக் என்று கூடவே பேசிக்கொண்டு வரும். கையில் பிடித்து ஓடினால் ஒரு தோள் இறங்கிவிடும். இடுப்பில் கட்டினால் வயிறு கோபிக்கும்.

சாப்பாடு இன்னொரு கதை. ஓடும்போது வயிறு ஒரு கோபக்கார மாமனார். எதை வைத்தாலும் திருப்பி அனுப்பும். மாதக்கணக்கில் பழக்க வேண்டும். அக்கா எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்துவிட்டு, கொட்டை எடுத்த பேரீச்சம்பழம் மூன்று, உப்புப் போட்டு அவித்த உருளைக்கிழங்கு நாலு துண்டு என்று நின்றாள். (முதல் படியில் ‘உருளைக்கிழங்கைத் தோலோடு கடித்தாள்’ என்று எழுதியிருந்தேன். பக்கத்தில் பென்சிலில்: ‘என்னிக்கு?’)

இவற்றையெல்லாம் சுமக்காமல் தீர்க்கும் வழிதான் நான். ஞாயிறு நாலரை மணிக்கு எழுவேன். பாட்டில்களில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி முந்தின நாளே ஐஸாக்கி வைத்திருப்போம். மீதியைக் காலையில் நிரப்பி, ஸ்கூட்டரில் அவளுக்கு முன்னால் போய் வைத்துவிட்டுத் திரும்பி வந்து தூங்குவேன். ஒன்பதாவது கிலோமீட்டரில் பாலத்தடிக் குழாயின் உள்ளே. பதினெட்டில் தபால் பெட்டிக்குப் பின்னால். இருபத்தேழில் பெட்ரோல் பங்க்.

ஆரம்பத்தில் பாட்டில்கள் திருட்டுப் போயின. அதற்கு அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். மருத்துவமனை லேபிள் ஒன்றைக் கொண்டுவந்து ஒட்டினாள்: ‘சிறுநீர் மாதிரி. தொட வேண்டாம்.’ அன்றிலிருந்து ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை. அந்த பாட்டிலை எடுத்து அவள் மடமடவென்று குடிப்பதை ஒருமுறை நடைப்பயிற்சிக்காரர் ஒருவர் பார்த்துவிட்டார். அதன்பிறகு அவர் அந்தப் பக்கம் வருவதில்லை.

3

ஒரு கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. தம்பி.

நாற்பத்திரண்டு வயது ஆள். தண்ணீர் பம்ப் தயாரிக்கும் கம்பெனியில் பயன்பாட்டுக் கையேடு எழுதுகிறான். ‘முதலில் வால்வைத் திறக்கவும், பிறகு சுவிட்சைப் போடவும்.’ தன் காபி டம்ளரைத் தானே கழுவ அலுத்துக்கொள்கிறவன். இப்படிப்பட்டவன் அக்காவுக்காக ஞாயிறுதோறும் நாலரைக்கு எழுகிறான் என்றால் வாசகர் நம்புவாரா? நான் வாசகராக இருந்தால் நம்ப மாட்டேன்.

ஆகவே சொல்லிவிடுகிறேன். ஆறு வருடங்களுக்கு முன் அக்கா தன் சிறுநீரகம் ஒன்றை எனக்குக் கொடுத்தாள்.

சினிமாத்தனமாக இருக்கிறது என்று தெரியும். இரண்டாம் படியில் இதை எடுத்துவிட்டுப் பார்த்தேன். எடுத்தால் தம்பி நாலரைக்கு எழ மறுக்கிறான், கதை பத்து மணிக்குத்தான் ஆரம்பிக்கிறது. அதற்குப் பதிலாகச் சின்ன வயதில் அவள் எனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தாள் என்று வைத்துப் பார்த்தேன். அப்போது ஏழு மணிக்கு எழுகிறான். சிறுநீரகம் வைத்தால்தான் நாலரை.

ஒற்றைச் சிறுநீரகத்தோடு தாராளமாக ஓடலாம் என்றார் டாக்டர். ஒரே ஒரு நிபந்தனை, உடம்பில் தண்ணீர் வற்றக் கூடாது. “தாகம் எடுக்கறதுக்கு முன்னாடி குடிங்க. தாகம் எடுத்தாச்சுன்னா நீங்க ஏற்கனவே லேட்.” அக்கா தலையாட்டிவிட்டு என்னைக் காட்டி, “தண்ணி டிபார்ட்மென்ட் இவன்தான்” என்றாள். நான் பொறுப்பான ஆளைப்போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

4

[இந்தப் பகுதி, நெடுந்தூர ஓட்டத்தில் முப்பதாவது கிலோமீட்டருக்கு மேல் வயிறு எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பற்றியது. அக்காவின் வேண்டுகோளுக்கிணங்க நீக்கப்பட்டது. எனக்கும் வருத்தமில்லை.]

5

அந்த ஞாயிறு. முப்பத்து நாலு கிலோமீட்டர்.

அந்த வாரம் நான் ஒரு கதை எழுதிக்கொண்டிருந்தேன். ஓடுகிற ஒரு பெண்ணைப் பற்றியது. (இதே கதைதான், இதன் முந்தைய பிறவி.) அதில் கதாநாயகிக்கு மூன்றாவது பாட்டில் பெட்ரோல் பங்கில் இல்லை. ஐந்து கிலோமீட்டர் தள்ளி, முப்பத்திரண்டில், ஆற்றுப் பாலத்தைத் தாண்டி இருந்தது. பாலத்தை அவள் தாகத்தோடு கடந்தால் காட்சி நன்றாக வரும், கீழே தண்ணீர் ஓடும், மேலே இவள் நாவறண்டு, என்றெல்லாம் குறிப்பு எழுதி வைத்திருந்தேன்.

நான் கதை எழுதுவது அலுவலகத்தில் வீணான பம்ப் கையேட்டுத் தாள்களின் பின்பக்கத்தில். ஓட்டத்துக்கான பாட்டில் பட்டியலும் அதே மாதிரித் தாளில்தான் இருந்தது. காலை நாலரை மணி, அரைத் தூக்கம். தாள் மாறிவிட்டது. கதையின் தாளை எடுத்துக்கொண்டு போய், மூன்றாவது பாட்டிலைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டேன். காற்று நன்றாக இருந்ததால் அங்கேயே மரத்தடியில் உட்கார்ந்து எழுதவும் ஆரம்பித்தேன். செல்போன் ஸ்கூட்டர் பெட்டிக்குள், சத்தமில்லாமல்.

அக்கா பங்குக்கு எட்டு ஐம்பதுக்கு வந்தாள். மெஷினுக்குப் பின்னால் பார்த்தாள். முன்னால் பார்த்தாள். கழிப்பறைக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். லேபிள் ஒட்டிய பாட்டிலை யாரும் எடுக்க மாட்டார்கள். அப்படியானால் பாட்டில் வைக்கப்படவே இல்லை. அப்படியானால் தம்பி இங்கே வந்து சேரவில்லை. எனக்கு மூன்று முறை போன் செய்தாள்.

அந்தப் பகுதி முழுக்கக் கிடங்குகள். ஞாயிறு அன்று ஈ காக்கை இருக்காது. யாராவது இருந்திருந்தாலும் அவள் நின்று தண்ணீர் கேட்டிருக்க மாட்டாள் என்று பிறகு தெரிந்தது. ஸ்கூட்டர் விழுந்து கிடக்கிறதா என்று சாலையின் இரு ஓரமும் பார்த்துக்கொண்டே ஓடினாள். பயிற்சித் திட்டத்தில் அந்த ஐந்து கிலோமீட்டரும் மெதுவாக ஓட வேண்டியவை. அவள் வாழ்க்கையிலேயே மிக வேகமாக ஓடிய ஐந்து கிலோமீட்டர் அதுதான் என்று அவள் கைக்கடிகாரம் சொல்கிறது.

பாலத்தின் மேல் வந்தபோது என்னைப் பார்த்துவிட்டாள். ஓட்டம் நடையானது. பக்கத்தில் வந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு, பாட்டிலைத் தொடாமல், கேட்டாள்.

“உனக்கு ஒண்ணும் ஆகலையே?”

“இல்லக்கா.”

“காலைல மாத்திரை போட்டியா?”

“போட்டேன்.”

அப்புறம்தான் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவளால் எழ முடியவில்லை.

அவளை ஸ்கூட்டரில் வைத்து மீட்டரின் கடைக்குக் கூட்டிப்போனேன். (மீட்டர் ஒரு டெய்லர். அக்காவோடு ஓடுகிறவர், முழங்கால் வலியால் இப்போது யோசனை மட்டும் சொல்கிறவர். எதையும் அளக்காமல் விடமாட்டார், அதனால் அந்தப் பெயர். கடையில் துணி வெட்டும் மேசைக்கு அடியில் எடை மெஷின் வைத்திருக்கிறார். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்து, குறைந்தது எவ்வளவு என்று அக்காவின் நோட்டில் குறிப்பார். வழக்கமாக ஒரு கிலோ குறையும்.) அன்றைக்கு இரண்டரை கிலோ. மீட்டர் மெஷினைத் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி ஏறச் சொன்னார். மறுபடியும் இரண்டரை.

“என்ன ஆச்சு?” என்றார் என்னைப் பார்த்து.

“பேப்பர் மாறிப்போச்சு.”

“பேப்பர் மாறிப்போச்சா.” கழுத்தில் தொங்கிய டேப்பைச் சுருட்டினார். “சரி, சரி.”

மறுநாள் ரத்தப் பரிசோதனை. சிறுநீரகம் சிரமப்படுவதைக் காட்டும் கிரியாட்டினின் எண் ஏறியிருந்தது. எங்கள் வீட்டில் பால் விலையை விட அந்த எண்ணைத்தான் அதிகம் பேசுவோம், ஆனால் இத்தனை வருடமும் பேசியது என்னுடைய எண்ணை. பத்து நாளில் அவளுடையது இறங்கிவிட்டது. “இன்னொரு தடவை இப்படி வராதீங்க” என்றார் டாக்டர். அக்கா மன்னிப்புக் கேட்டாள். அவள்.

என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. “மாத்திரை சாப்பிடறவன், அரைத் தூக்கத்துல அவன் என்ன பண்ணுவான்” என்று எனக்காக மீட்டரிடம் வாதாடினாள். அந்த வாரமே மீட்டரிடம், தோளோடு மாட்டும் ஒரு பை தைக்கச் சொன்னாள். முன்பக்கம் இரண்டு பாட்டிலுக்கு, பின்பக்கம் தண்ணீர்ப் பைக்கு, பக்கவாட்டில் உருளைக்கிழங்குக்கு. என்னிடம், “உனக்கும் அலைச்சல் மிச்சம்டா. தூங்கு” என்றாள்.

இது தண்டனையாக இருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அன்பாக இருந்துவிட்டது.

6

இதுவரை எழுதியதை அக்கா படித்தாயிற்று. படித்து, பேரீச்சம்பழத்தின் எண்ணிக்கையை மட்டும் திருத்தினாள். (முதலில் நாலு என்று எழுதியிருந்தேன்.) இனி வருவது அவள் படிக்காதது.

தாள் மாறவில்லை.

இதை ஒரு வரியில் எழுத எனக்கு எட்டு நாள் ஆயிற்று. இன்னும் சுற்றிவளைத்து எழுதிய வடிவங்கள் இருக்கின்றன. ‘தாள் மாறியதா, அல்லது மாற நான் அனுமதித்தேனா’ என்று ஒன்று. ‘எது தாள், எது மனம்’ என்று இன்னொன்று. கையேட்டுக்காரனுக்கு அழகு, ஒரு வரியில் ஒரு செய்தி. தாள் மாறவில்லை.

சரியான பட்டியல்தான் கையில் இருந்தது. ஒன்பதில் வைத்தேன், பதினெட்டில் வைத்தேன். பெட்ரோல் பங்கில் ஸ்கூட்டரை நிறுத்தி, மெஷினுக்குப் பின்னால் பாட்டிலை வைத்தும் விட்டேன். பிறகு ஒரு நிமிடம் நின்றேன். என் கதாநாயகி பாலத்தின் மேல் நாவறண்டு வரும் பத்தியை மூன்று முறை எழுதியிருந்தேன், மூன்றும் பொய்யாக இருந்தன. தாகத்தோடு ஓடுகிறவள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் தெருமுனைக்குக்கூட ஓடியதில்லை. ஐந்து கிலோமீட்டர்தானே, என்று தோன்றியது. கையில் சின்ன பாட்டில் வைத்திருப்பாளே, என்றும் தோன்றியது. குனிந்து பாட்டிலை எடுத்துக்கொண்டேன்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் காற்றுக்காக உட்காரவில்லை. பார்ப்பதற்காக உட்கார்ந்தேன்.

இன்னும் ஒன்று. செல்போனைப் பெட்டிக்குள் வைத்ததும் மறதியால் இல்லை. அவள் கூப்பிடுவாள் என்று தெரியும். கூப்பிட்டால் எடுத்துவிடுவேன் என்றும் தெரியும்.

கதாநாயகி கோபத்தோடு வருவாள் என்று நினைத்திருந்தேன். தாகம் வந்தால் கோபம் வரும், அதைத்தான் மூன்று முறையும் எழுதியிருந்தேன். பாலத்தின் மேல் வந்தவள் கோபமாக இல்லை. ஆற்றையும் பார்க்கவில்லை. சாலையோரப் புதர்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அது எனக்குப் புரியவில்லை. என் கண் அவள் முகத்தில் இருந்தது, கை நோட்டில் இருந்தது.

‘உதடு வெள்ளை. உப்பு, கன்னத்தில் கோடுகளாக. வாய் திறந்தே இருக்கிறது.’

இந்த மூன்று வரியையும் எழுதி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். எழுந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு அவளை நோக்கிப் போயிருந்தால் ஒரு நிமிடம் முன்னால் கொடுத்திருக்கலாம். என்னிடமே இருக்கிறது அவளுடைய ஒன்று, என் இடுப்புக்குக் கீழே, வலப்பக்கம், கை வைத்தால் தெரியும். அதையும் வைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்து எழுதினேன்.

அவமானமாக இருக்கிறது. இதற்கு வேறு நல்ல சொல் தேடினேன், இல்லை.

அந்த மூன்று வரிகளும் எந்தக் கதையிலும் பயன்படவில்லை. ‘உதடு வெள்ளை’ என்பது அப்படி ஒன்றும் பெரிய கண்டுபிடிப்பும் இல்லை. வீட்டிலிருந்தே எழுதியிருக்கலாம்.

7

முடிவுகள்.

அ. ஆறாம் பகுதியைக் கிழித்துவிடுவது. கதை ஐந்தோடு முடியும். மறதிக்காரத் தம்பி, மன்னிக்கும் அக்கா. படிப்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். சிக்கல் ஒன்றுதான், நீங்கள் ஆறைப் படித்துவிட்டீர்கள்.

ஆ. மீட்டர் சொல்லிவிடுவது. அவருக்கு ஏதோ தெரிகிறது. போன வாரம் சட்டைக்கு அளவெடுக்கும்போது, டேப்பை என் கழுத்தில் போட்டபடி, “ஒரு பேப்பர் மாறினா மூணு பாட்டிலும்ல மாறணும்” என்றார். நான் கழுத்து இறுக்கமாக இருப்பதாகச் சொன்னேன். “இன்னும் இறுக்கவே இல்லையே” என்றார். ஆனால் அவர் சொல்ல மாட்டார். அளப்பவர், வெட்டுவதற்கு முன் நிறைய யோசிப்பார். வேறொருவர் வாயில் என் முடிவை வைப்பது எழுத்தாளனின் சோம்பேறித்தனமும்கூட.

இ. அக்கா எல்லாவற்றையும் முன்பே அறிந்திருந்தாள், தெரியாததுபோல் இருந்தாள் என்று எழுதுவது. பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும், அவ்வளவு சுகமான பொய். அவளுக்குத் தெரியாது. நான் சொல்வதை நம்புவது அவளுக்குப் பழக்கம்.

ஈ. அவள் படிக்கிறாள், கத்துகிறாள், என்னோடு பேச்சை —

[இது நடக்காது. அவளை எனக்குத் தெரியும். படித்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைப்பாள். பிறகு, “அந்தக் காட்சி நல்லா வந்துச்சா?” என்று கேட்பாள். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பாள். அதற்குத்தான் பயப்படுகிறேன்.]

8

இன்று சனிக்கிழமை, பிற்பகல். மேல்மாடியிலிருந்து அக்கா இறங்கி வந்து, என் மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். சட்டைக் கழுத்து ஓரத்தில் இரண்டு பக்கமும் பிளாஸ்திரி. நாளைக்கு முப்பத்தெட்டு கிலோமீட்டர்.

“மீட்டர் நல்லாத்தான் தைச்சாரு. ஆனா தோள் உரிஞ்சு போச்சுடா. நாளைக்கு நீயே வச்சிடறியா?”

வந்துவிட்டது. எதற்காக இந்தக் கதையை எழுத ஆரம்பித்தேனோ, அது கதை முடிவதற்குள் தானாகக் கைக்கு வந்துவிட்டது. ஐந்தாம் பகுதியே போதுமானதாக இருந்திருக்கிறது. நியாயமாகப் பார்த்தால் இந்த இடத்தில் பேனாவை மூடிவிட்டு உருளைக்கிழங்கு அவிக்கப் போக வேண்டும்.

“வைக்கறேன்க்கா” என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது.

“எங்கெங்கன்னு நானே எழுதித் தரேன். மாறாது.” அவள் தன் கையெழுத்தில் நாலு இடங்களை எழுதி என் பக்கம் தள்ளினாள். “சரி, கதை எங்க? அஞ்சு வரைக்கும் குடுத்த. அது முடிவு மாதிரி இல்லையே.”

“முடிவு இன்னும் வரல.”

“வந்த வரைக்கும் குடு.”

சொல்லிவிட்டு, அவள் மேசையில் கிடந்த பழைய பக்கங்களை மறுபடி புரட்ட ஆரம்பித்துவிட்டாள். தலை நிமிரவில்லை. படிக்கும்போது அவளுக்கு ஒரு பழக்கம். ஒரு பக்கம் முடிந்ததும், பார்க்காமலே, அடுத்ததற்காக இடது கையை நீட்டுவாள். என் எல்லாக் கதைகளையும் அப்படித்தான் வாங்கிப் படித்திருக்கிறாள். நானும் யோசிக்காமல் வைத்துவிடுவேன்.

ஆறாம் பகுதி இரண்டு தாள். என்னிடம்தான் இருக்கிறது. பின்பக்கத்தில், ‘மோட்டார் சூடானால் உடனே நிறுத்தவும்’ என்று நானே எழுதிய வாசகம். இரண்டு தாளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டிருக்கிறேன். அவள் ஐந்தாம் பகுதியின் கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டாள்.

இப்போது இந்தக் கதையில் அக்காவைத் தவிர எல்லாருக்கும் விஷயம் தெரியும். எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், மீட்டருக்குப் பாதி தெரியும். நான் எழுதுவதை இத்துடன் நிறுத்துகிறேன், ஏனென்றால் எழுதிக்கொண்டே இருக்கும்வரை எதையும் செய்யாமல் இருக்கலாம் என்பது எனக்குப் பழகிவிட்டது. கொஞ்சம் எழுந்து, சுற்றி வந்து, என் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். தாள் தொடைக்கு அடியில் இருக்கிறது.

அவள் கையை நீட்டிவிட்டாள்.